கைக்கு இசைந்த துப்பாக்கி

தொழில் எதுவாயினும் அதற்கு ஏற்ற கருவி வேண்டும். உழவனுக்கு ஏரும், தச்சனுக்கு உளியும், மீனவனுக்கு வலையும் இன்றியமையாதவை. ஆனால், பெரிய கருவியே சிறந்த கருவி என்று எண்ணுவோர் உலகில் பலர். கோடரியைக் கொண்டு மரப்பாவை செதுக்க இயலுமோ? செய்யவேண்டிய வேலையின் இயல்பையும், செய்பவனுடைய கையின் ஆற்றலையும் எண்ணிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் கருவியே சிறந்த கருவியாகும். இவ்வுண்மையைத் தம் உயிரைப் பணயமாக வைத்து மெய்ப்பித்தவர் ஜிம் கார்பெட் என்பவர்.

இமயமலைச் சாரலில் உள்ள குமாவுன், கட்வால் என்னும் பகுதிகளில் மக்களைக் கொன்று தின்ற புலிகளையும் சிறுத்தைகளையும் தேடிச் சென்று அழித்தவர் அவர். அவருடைய பெயரைக் கேட்டவுடன், யானையையும் வீழ்த்தவல்ல பெருந்துப்பாக்கியைத் தோளில் சுமந்த வீரர் ஒருவருடைய உருவம் மனக்கண்முன் தோன்றக்கூடும். உண்மை அதுவன்று. அவர் நெடுங்காலம் நம்பிக் கையாண்ட துப்பாக்கிகளுள் ஒன்று எடை குறைந்தது, எளியது, எல்லாப் பணிக்கும் உதவுவது. அதனை அவர் அடைந்த வரலாறும், அதனால் அவர் ஆற்றிய அருஞ்செயல்களும் அறியத்தக்கவை.

எட்வர்டு ஜேம்ஸ் கார்பெட் 1875-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 25-ஆம் நாள் நைனிடால் என்னும் மலை நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் அந்நகரின் அஞ்சல் நிலையத் தலைவராக இருந்தார். குடும்பம் பெரியது, வருவாயோ சிறியது. ஜிம்முக்கு ஆறு வயது நிரம்புமுன்பே, 1881-இல், தந்தையார் காலமானார். அன்னையார் மேரி ஜேன் பெருந்துன்பத்திற்கிடையே மக்களை வளர்த்தார். கோடைக் காலத்தில் நைனிடாலிலும், குளிர்காலத்தில் மலையடிவாரத்திலுள்ள காலாதுங்கி என்னும் ஊரிலும் அக்குடும்பம் வாழ்ந்தது. காலாதுங்கியில் வீட்டு வாயிலைக் கடந்தால் காடு. அக்காடே சிறுவன் ஜிம்முக்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று. பறவைகளின் குரலும், விலங்குகளின் காலடிச் சுவடும் அவன் படித்த முதற் பாடங்கள். குரங்கும் மானும் மயிலும் எழுப்பும் எச்சரிக்கை ஒலிகளைக் கேட்டு, கண்ணுக்குத் தெரியாத புலி எத்திசையில் செல்கின்றது என்பதைக் கூறும் ஆற்றல் அவனுக்கு இளமையிலேயே வாய்த்தது.

முதலில் அவன் கையில் இருந்தது ஒரு கவண். அடுத்து, உருண்டை எறியும் வில். பின்னர் அவனுக்கு ஒரு துப்பாக்கி கிடைத்தது. அதனைத் துப்பாக்கி என்று கூறுவதே சற்று மிகையாகும். இரட்டைக் குழல் உடைய அப்பழங்கருவியை வாய்வழியே மருந்திட்டுக் கெட்டிக்க வேண்டும். அதன் வலக்குழல் ஆறு அங்குல நீளத்திற்கு வெடித்துப் பிளந்திருந்தது. குழலும் கட்டையும் தனித்தனியே கழன்று விழாதவாறு பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தன. இடக்குழல் ஒன்றே பயன்பட்டது. குமாவுன் நாட்டுப் பறவைகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஒருவர், பறவைகளைத் திரட்டுவதில் தமக்கு உதவிய சிறுவனுக்கு நன்றிக் கடனாக அதனை அளித்தார். வேறு சிறுவனாயின் முகம் சுளித்திருப்பான். ஜிம்மோ அரசு கிடைத்தவனைப்போல் மகிழ்ந்தான். ஒருமுறை சுட்டால் மறுமுறை கெட்டிக்க நெடுநேரம் ஆகும். ஆதலால், தவறாது எய்தும் என்ற உறுதி பிறந்தாலன்றி விசையை அழுத்தலாகாது என்னும் பாடத்தை அவ்வுடைந்த கருவி அவனுக்குக் கற்பித்தது.

அத்துப்பாக்கியுடன் ஒருநாள் அவன் காட்டில் திரிந்துகொண்டிருந்தான். எதிரே இருந்த புதர் ஒன்று அசைந்தது. அதனுள்ளிருந்து ஒரு புலி வெளியே வந்தது. அது திரும்பிச் சிறுவனை ஒருமுறை உற்று நோக்கியது. பின்னர்ச் சிறிதும் பொருட்படுத்தாமல் தன் வழியே நடந்து சென்றது. புலி இயல்பாக மனிதனுக்குப் பகையன்று என்னும் உண்மை அன்று அவன் உள்ளத்தில் பதிந்தது. காயத்தாலோ முதுமையாலோ வழக்கமான இரையைப் பிடிக்க இயலாதபோதுதான் பெரும்பாலும் அது மனிதனைத் தின்னத் தலைப்படுகின்றது என்பதைப் பிற்காலத்தில் அவர் தம் நூல்களில் வற்புறுத்திக் கூறினார்.

பத்து வயதில் ஜிம் நைனிடாலில் மாணவர் படையில் சேர்ந்திருந்தான். ஒருநாள் பெரிய படைத்தலைவர் ஒருவர் முன்னிலையில் அவன் குறிபார்த்துச் சுட வேண்டியிருந்தது. அவரே பிற்காலத்தில் ராபர்ட்ஸ் பிரபு எனப் புகழ்பெற்றவர். அஞ்சிக் கைநடுங்கிய சிறுவனின் அருகில் அவர் அமர்ந்து, அவசரம் வேண்டா என்று அன்போடு ஆறுதல் கூறினார். அந்நிகழ்ச்சிக்குப்பின், படைப் பயிற்சியாளர் ஒருவர் அவனுக்கு .450 மார்ட்டினி என்னும் துப்பாக்கியை இரவலாகத் தந்தார். துப்பாக்கியைத் தூய்மையாக வைத்திருத்தல் வேண்டும். சுட்டபின் எஞ்சும் வெற்றுத் தோட்டாக் கூடுகளைத் திருப்பித் தருதல் வேண்டும். இவ்விரண்டே அவர் விதித்த கட்டுப்பாடுகள். வெடிக்கும்போது பின்னோக்கி உதைத்து வளர்ந்தோர் தோளையும் வருத்தும் கருவி அது. மெலிந்த சிறுவனுக்கு அதனைத் தாங்குதல் எளிதன்று. எனினும், அதனைக் கொண்டே அவன் தன் முதற் சிறுத்தையை வீழ்த்தினான். கனத்த துப்பாக்கியின் ஆற்றலையும், அதனைச் சுமப்பதன் அருமையையும் அவன் ஒருங்கே உணர்ந்தது அப்போதுதான்.

படிப்பு முடிந்ததும் கார்பெட் குடும்பத்தைக் காக்க வேண்டிப் புகைவண்டித் துறையில் வேலைக்கு அமர்ந்தார். கங்கைக் கரையில் உள்ள மொக்காமே துறையில், ஒருவகை இருப்புப்பாதையிலிருந்து மற்றொரு வகை இருப்புப்பாதைக்குச் சரக்குகளை மாற்றி ஏற்றும் பொறுப்பை ஏற்றார். 20 ஆண்டுகளுக்கு மேல் அங்கே உழைத்தார். தொழிலாளரோடு தொழிலாளராக நின்று, நிலக்கரியைத் தாமும் வாரிக் கொட்டினார். விடுமுறை கிடைத்தபோது மட்டுமே மலை நாட்டிற்குத் திரும்புவார். வேட்டையைப் பிழைப்பாகக் கொண்டவர் அல்லர் அவர் என்பது நினைவில் வைக்கத்தக்கது.

அக்காலத்தில் சம்பாவத் என்னும் ஊரைச் சூழ்ந்த பகுதியில் ஒரு பெண்புலி மக்களைக் கொன்று வந்தது. நேபாளத்தில் 200 பேரையும் குமாவுனில் 236 பேரையும், ஆக 436 பேரை அது பலிகொண்டதாகக் கணக்கிட்டனர். பகலிலும் மக்கள் கதவைத் திறக்க அஞ்சினர். விளைந்த பயிர் அறுப்பாரின்றி நின்றது. 1907-ஆம் ஆண்டு அப்புலியை அழிக்குமாறு அரசினர் கார்பெட்டை வேண்டினர். அவர் இரண்டு நிபந்தனைகளைக் கூறினார். புலியின் தலைக்கு அறிவித்திருந்த பரிசுத்தொகையை நீக்குதல் வேண்டும். ஏனைய வேட்டைக்காரர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ளுதல் வேண்டும். பொருளுக்காக வேட்டையாடும் பெயரை அவர் வெறுத்தார் என்பது இதனால் விளங்கும்.

அவ்வேட்டையின் இறுதி நாளில் ஏறத்தாழ 300 ஊர் மக்கள் மலைமுகட்டில் நின்று ஆரவாரம் செய்து புலியைப் பள்ளத்தாக்கை நோக்கி விரட்டினர். கார்பெட்டின் கையில் .500 அளவுள்ள பெருந்துப்பாக்கி இருந்தது. ஆனால், அவரிடம் இருந்த தோட்டாக்கள் மூன்றே. அம்மூன்றும் செலவாயின. காயமுற்ற புலியோ வீழாமல் ஒரு பாறைமேல் நின்று உறுமியது. கார்பெட் ஓடோடிச் சென்று, உடன்வந்திருந்த தாசில்தாரின் கையிலிருந்த பழந்துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, புலிக்கு 20 அடி தொலைவுவரை நெருங்கிச் சுட்டார். பழுதுற்ற அத்துப்பாக்கியின் குண்டு புலியின் வாய்க்குச் செல்லாது, விலகிப் பாதத்தில் பட்டது. நல்லவேளையாக, முன்பே பட்ட காயங்களால் அது உயிர் நீத்தது. பின்னர் ஆராய்ந்தபோது அதன் வலப்பக்கக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. முன்னர் எவனோ ஒருவன் பொறுப்பின்றிச் சுட்டு விட்டுச்சென்ற காயமே அதற்குக் காரணம். குறி தவறிய ஒரு குண்டு, அந்தப் புலியை ஊனமாக்கி, நூற்றுக்கணக்கான மக்களின் சாவுக்கு வித்திட்டது! கருவியைக் கையில் எடுப்பவன் எத்துணைப் பொறுப்புடையவனாக இருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இவ்வரிய செயலைப் பாராட்டி, அந்நாளில் ஐக்கிய மாகாணத்தின் துணைநிலை ஆளுநராக இருந்த சர் ஜான் ஹியூவெட் கார்பெட்டுக்கு ஒரு துப்பாக்கியைப் பரிசளித்தார். அதன் கட்டையில் பரிசின் காரணத்தைக் கூறும் வெள்ளித் தகடு பதிக்கப்பட்டிருந்தது. இலண்டன் மாநகரில் ரிக்பி என்னும் நிறுவனத்தார் செய்த .275 துப்பாக்கி அது. மக்களைக் கொன்ற புலியை அழித்ததற்காகப் பெற்ற பரிசே, பின்னும் மக்களைக் காக்கும் கருவியாக அமைந்தது வியப்பன்றோ!

அத்துப்பாக்கியின் அமைப்பு அறியத்தக்கது. அதன் குழலின் உள்விட்டம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 275 பங்கு; அஃதாவது ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். சுண்டுவிரலும் அதனுள் நுழையாது. அதன் தோட்டா, 1892-ஆம் ஆண்டு செருமனியில் மாசர் என்னும் நிறுவனத்தார் அமைத்த வகையைச் சேர்ந்தது. பின்புறத்தில் கதவின் தாழ்ப்பாள் போன்ற உறுப்பு ஒன்று உண்டு. அதனை உயர்த்திப் பின்னே இழுத்தால் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும். மீண்டும் முன்னே தள்ளினால் அடியறையில் உள்ள அடுத்த தோட்டா குழலினுள் ஏறும். அக்காலத்துப் பெருவேட்டைக்காரர் விரும்பிய இரட்டைக் குழல் துப்பாக்கியோ பருத்த குண்டை உமிழ்வது. விலங்கை அதிர்ச்சியாலேயே நிலைகுலையச் செய்வது. ஆயின், அதன் சுமை தோளை அழுத்தும். உதை உடலைக் குலுக்கும். இரண்டு குண்டுகள் சென்றபின் மீண்டும் இட்டு நிரப்புதல் வேண்டும்.

ஒவ்வொன்றிலும் நன்மையும் குறையும் கலந்தே இருக்கும். எடை குறைந்த துப்பாக்கியின் குண்டு சிறியது. ஆதலால் அது பட வேண்டிய இடத்திலேயே படுதல் வேண்டும். சற்றே விலகினாலும் விலங்கு காயத்தோடு தப்பும். காயமுற்ற விலங்கு ஆட்கொல்லியாதல் கூடும் என்பதைச் சம்பாவத்துப் புலி காட்டிவிட்டது. எனவே, இலேசான துப்பாக்கியை ஏந்துவோனுக்குக் குறி பிசகாமை வேண்டும். நெருங்கும் துணிவு வேண்டும். தக்க நேரம் வரும்வரை காத்திருக்கும் பொறுமை வேண்டும். இம்மூன்றும் உடையவனுக்கு அது தரும் நன்மைகளோ பல. அவன் நெடுந்தொலைவு களைப்பின்றி நடக்கலாம். செங்குத்தான மலையில் ஒரு கையால் கொடியைப் பற்றிக்கொண்டு, மறுகையில் அதனைத் தாங்கி ஏறலாம். முட்புதரினூடே ஓசையின்றி நுழையலாம். குமாவுன் மலைகளில் ஆட்டுத்தடம் போன்ற வழிகளில் நாள்முழுதும் தனியே நடந்தவர் கார்பெட். மாலையில் கை சோர்ந்திருக்கும் வேளையில்தான் புலி எதிர்ப்படும். அவ்வேளையில் உயர்த்த இயலாத துப்பாக்கி எத்துணை வலியதாயினும் என்ன பயன்?

இனி, நல்ல துப்பாக்கி கிடைத்தவுடன் காட்டிற்குச் சென்றுவிடுதல் அறிவுடைமையன்று. அதன் கட்டை ஏந்துவோனது தோளுக்கும் கன்னத்திற்கும் பொருந்துதல் வேண்டும். கண், பின்முள், முன்முள், குறி ஆகிய நான்கும் உயர்த்திய நொடியிலேயே ஒரே கோட்டில் நிற்குமாறு பழகுதல் வேண்டும். அத்துப்பாக்கி எவ்வளவு தொலைவில் எவ்விடத்தில் குண்டைச் செலுத்துகின்றது என்பதைச் சுட்டுப் பார்த்து மனத்தில் பதித்துக்கொள்ளுதல் வேண்டும். மழையும் பனியும் மிகுந்த மலை நாட்டில் நாள்தோறும் துடைத்து எண்ணெயிட்டுக் காத்தல் வேண்டும். இவ்வாறு பழகப் பழகத்தான் கருவி கையின் ஓர் உறுப்பாகும். மார்ட்டினித் துப்பாக்கியைத் தூய்மையாக வைத்திருப்பதாக வாக்களித்த சிறுவனுக்கு இவை புதிய பாடங்கள் அல்ல.

எனினும், இருளில் குறிமுள் கண்ணுக்குப் புலப்படாது. இக்குறையை நீக்க வேண்டிய நிலை அவருக்கு உருத்திரப்பிரயாகையில் ஏற்பட்டது. அளகநந்தையும் மந்தாகினியும் கூடும் அவ்வூர், கேதாரநாதத்திற்கும் பதரிநாதத்திற்கும் செல்லும் அடியார்களின் வழியில் உள்ளது. அங்கே 1918-ஆம் ஆண்டு முதல் 1926-ஆம் ஆண்டு வரை எட்டாண்டுகள் ஒரு சிறுத்தை இரவுதோறும் உலவியது. அரசினர் கணக்குப்படி அது கொன்றவர் 125 பேர். கதவைப் பெயர்த்தும், மண்சுவரைக் கீறியும் அது வீடுகளினுள் நுழைந்தது. பொறிக்கும் நஞ்சிற்கும் அது தப்பியது. கதிரவன் மறைந்தபின் அப்பகுதி முழுவதும் அச்சத்தில் ஆழ்ந்து கிடந்தது. 1925-இல் அங்குச் சென்ற கார்பெட் பல வாரம் முயன்றும் வெற்றி பெறவில்லை. உடல் தளர்ந்து திரும்பியவர், அடுத்த ஆண்டு மீண்டும் சென்றார்.

சிறுத்தை இரவில் மட்டுமே வரும். ஆகவே அவர் தம் ரிக்பித் துப்பாக்கியில் மின்கைவிளக்கு ஒன்றைப் பொருத்திக்கொண்டார். குலாப்ராய் என்னும் இடத்தில், அடியார்கள் தங்கும் சாவடிக்கு அருகே ஒரு மாமரம் இருந்தது. அதன் கீழே வழியருகில் கழுத்தில் மணி கட்டிய ஆட்டினைக் கட்டிவிட்டு, அவர் மரத்தின்மேல் அமர்ந்தார். பத்து இரவுகள் வீணே கழிந்தன. பதினோராம் இரவு, 1926-ஆம் ஆண்டு மேத் திங்களின் தொடக்கம். சாவடியில் ஏறத்தாழ 150 அடியார்கள் உறங்கிக்கொண்டிருந்தனர். திடீரென விரைந்து பாயும் ஓசை கேட்டது. ஆட்டின் மணி கணீரென ஒலித்தது. துப்பாக்கி அவர் முழங்கால்மீது ஆட்டை நோக்கியவாறு முன்னரே கிடந்தது. அவர் விளக்கின் பொத்தானை அழுத்தினார். குறிமுள் சிறுத்தையின் தோளுக்கு நேராக நின்றது. துப்பாக்கியை அணுவளவும் அசைக்காமல் விசையை அழுத்தினார். வெடியோசை பள்ளத்தாக்கெங்கும் எதிரொலித்தது. உடனே விளக்கும் அணைந்துவிட்டது.

இருளில் என்ன நேர்ந்தது என்பது அவருக்குத் தெரியவில்லை. விடியும்வரை அவர் மரத்தின்மேலேயே காத்திருந்தார். காலையில் இறங்கிச் சென்று பார்த்தபோது, சிறிது தொலைவில் பள்ளம் ஒன்றில் முதிய சிறுத்தை ஒன்று உயிரற்றுக் கிடந்தது. எட்டாண்டு மக்களை நடுங்கச் செய்த அவ்விலங்கைக் கண்டு அவர் செருக்குறவில்லை. அது மனிதர் வகுத்த நெறியை மீறியதேயன்றி இயற்கையின் நெறியை மீறவில்லை என்று எண்ணி இரங்கினார். அன்று அவ்வட்டார மக்கள் திரள்திரளாக வந்து மலர் தூவி அவரை வணங்கினர்.

இலேசான துப்பாக்கி மக்களின் உயிரைக் காத்தது மட்டுமன்று. அத்தகைய துப்பாக்கியே ஒருமுறை கார்பெட்டின் உயிரையும் காத்தது. சௌகர் என்னும் பகுதியில் 64 பேரைக் கொன்ற பெண்புலி ஒன்றை அவர் நெடுநாள் தேடி வந்தார். 1930-ஆம் ஆண்டு ஏப்பிரல் 11-ஆம் நாள் மாலை, வறண்ட ஓடை ஒன்றின் வழியே அவர் இறங்கிக்கொண்டிருந்தார். துணைக்கு இரண்டு ஆட்கள் பின்தொடர்ந்தனர். வழியில் பக்கிப் பறவையின் முட்டைகள் இரண்டைக் கண்டார். அவற்றின் வடிவம் அரியதாக இருந்தமையால், தம் சேகரிப்புக்காக எடுத்து இடக்கையில் மெல்ல ஏந்திக்கொண்டார். வலக்கையில் அன்று அவர் வைத்திருந்தது எடை குறைந்த துப்பாக்கி. பெரிய கற்பலகை போன்ற பாறை ஒன்றைக் கடந்து, தம் வலத்தோளுக்கு மேலாகத் திரும்பி நோக்கினார். எட்டே அடி தொலைவில் மணலின்மேல் அப்புலி படுத்திருந்தது! அதன் கண்கள் அவர் கண்களையே நோக்கின.

ஓடினால் புலி பாயும். விரைந்து திரும்பினாலும் பாயும். துப்பாக்கியோ அவருடைய மார்பின் குறுக்கே, புலிக்கு எதிர்த்திசையில் நீண்டிருந்தது. அதன் முனை முக்கால் வட்டம் சுழன்றாலன்றிப் புலியை நோக்காது. முட்டைகளை ஏந்திய இடக்கை உதவிக்கு வர இயலாது. கார்பெட் ஒற்றைக் கையாலேயே துப்பாக்கியை மெல்ல, மிக மெல்லச் சுழற்றலானார். அதன் கட்டை விலாவில் தட்டியது. கையை நீட்டினார். முழுவதும் நீட்டிய கையில் துப்பாக்கியின் சுமை தெரியத் தொடங்கியது. புலி அவர் கண்களினின்றும் தன் பார்வையை எடுக்கவில்லை. ஒரு நாழிகையின் சிறு கூறே அவருக்கு ஓர் ஊழிபோல் நீண்டது. இறுதியில் முனை நேரானது, விசை அசைந்தது, வெடி முழங்கியது. புலியின் தலை மெல்லச் சாய்ந்து முன்னங்கால்களின்மேல் படிந்தது.

தாம் பிழைத்ததற்கு உரிய காரணங்களைக் கார்பெட் பின்னர் அமைதியாக ஆராய்ந்தார். இடக்கையில் இருந்த முட்டைகள் தம்மை விரைந்து திரும்பவொட்டாமல் தடுத்தன என்பது ஒன்று. துப்பாக்கி இலேசாக இருந்தமையால்தான் ஒரே கையை நீட்டி அதனைச் சுழற்றிச் சுட முடிந்தது என்பது மற்றொன்று. கனத்த துப்பாக்கியாக இருந்திருப்பின், அன்றோடு அவர் வரலாறு முடிந்திருக்கும். பின்னர் அவர் செய்த செயல் அவருடைய உள்ளத்தை நன்கு காட்டும். எடுத்த முட்டைகளை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார். சிறிது நேரத்தில் தாய்ப்பறவை மீண்டும் வந்து அவற்றின்மேல் அமர்ந்தது.

இதனால் கார்பெட் பெருந்துப்பாக்கியை இகழ்ந்தார் என்று கருதலாகாது. வேலைக்கு ஏற்ப இரட்டைக் குழல் துப்பாக்கியையும் அவர் எடுத்துச் சென்றதுண்டு. இக்கருவிதான் உயர்ந்தது என்னும் பிடிவாதம் அவருக்கு இல்லை. 1938-ஆம் ஆண்டு, 63-ஆம் வயதில், தாக் என்னும் ஊரில் தம் இறுதி ஆட்கொல்லிப் புலியை அவர் வீழ்த்தினார்.

ஆட்கொல்லி விலங்குகளை அழித்த அவரே, காட்டு விலங்குகளைக் காக்கவும் முன்னின்றார். விளையாட்டுக்காக உயிர்களைக் கொல்லுதல் அவருக்கு வெறுப்பைத் தந்தது. துப்பாக்கி ஏந்திய கையில் அவர் படப்பிடிப்புக் கருவியை ஏந்தினார். காட்டோடை ஒன்றின் அருகே மறைவிடம் அமைத்து, நீரின் சலசலப்பில் கருவியின் ஓசை மறையுமாறு செய்து, உலவும் புலிகளை மாதக்கணக்கில் காத்திருந்து படம்பிடித்தார். 1936-ஆம் ஆண்டு இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா குமாவுன் மலையடிவாரத்தில் அமைவதற்குத் துணைநின்றார். அப்பூங்காவே அவருடைய மறைவுக்குப்பின் அவர் பெயரைப் பெற்றது. 1973-ஆம் ஆண்டு புலிகளைக் காக்கும் திட்டத்தை இந்திய அரசு தொடங்கிவைத்ததும் அப்பூங்காவில்தான்.

1947-ஆம் ஆண்டின் இறுதியில் கார்பெட் தம் தமக்கையார் மேகியுடன் கென்யா நாட்டிற்குச் சென்று, நியேரி என்னும் ஊரில் குடியேறினார். குமாவுனின் ஆட்கொல்லிப் புலிகளைப் பற்றி 1944-இல் அவர் எழுதிய நூல் உலகெங்கும் பரவியது. ஏழை எளிய இந்திய மக்களின் நற்பண்புகளைப் போற்றி 1952-இல் மற்றொரு நூலை வெளியிட்டார். 1955-ஆம் ஆண்டு ஏப்பிரல் 19-ஆம் நாள் நியேரியில் அவர் மறைந்தார். அவருடைய ரிக்பித் துப்பாக்கி, அவர் நூல்களை வெளியிட்ட ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தாரிடம் பல்லாண்டு இருந்தது. 2015-இல் அதனைச் செய்த நிறுவனத்தாரே அதனை மீண்டும் பெற்றனர். 2016-இல் அது இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டு, கார்பெட் வாழ்ந்த மலை நாட்டு மக்கள் கண்டு மகிழும்படி காட்டப்பட்டது. அதனைக் கண்டோருள் பலர், இவ்வளவு சிறிய துப்பாக்கியா என்று வியந்திருத்தல் கூடும்.

சிறியதே எனினும் அது பழுதற்றது. உரியவரின் கைக்கு இசைந்தது. உடைந்த குழலைக் கம்பியால் கட்டிப் பயின்ற பொறுமையும், ஒரு குண்டையும் வீணாக்காத சிக்கனமும், காயமுற்ற உயிரை விட்டு நீங்காத கடமையுணர்வும், தேவையின்றிக் கொல்லாத அருளும் அக்கருவிக்குப் பின்னால் நின்றன. அவையின்றேல் அதுவும் மற்றோர் இரும்புத் துண்டாகவே இருந்திருக்கும். கருவி கையை உயர்த்துவதில்லை. கையே கருவியை உயர்த்துகின்றது. தம் தொழிலுக்கு ஏற்ற கருவியை ஆராய்ந்து தேர்ந்து, அதனை அன்போடு பேணி, பிறர் நலத்திற்கே பயன்படுத்துவோர் எக்காலத்தும் உலகத்தாரால் நினைக்கப்படுவர் என்பதற்கு ஜிம் கார்பெட்டின் வாழ்க்கை சிறந்த எடுத்துக்காட்டாகும்.